கழற்றிய விண்டோஸ் கடைக்கு உதவுமா?

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய பெட்டிகளை ஏற்க மறுக்கிறது. ஆகவே கொம்பியூட்டர் திருத்துபவர்கள் "லைட் விண்டோஸ்" போட்டுத் தருகிறார்கள். இயந்திரமும் வேகமாக ஓடுகிறது. உள்ளே எதைக் கழற்றினார்கள் என்று நம் வியாபாரிகள் கேட்பதேயில்லை.

விண்டோஸ் இறுவட்டைத் திருத்தியமைப்பது பழைய வேலைதான். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் பரவியபோது, எக்ஸ்பி போட்டு இணையத்தில் இணைத்த கையோடு தொற்றிக்கொண்டது. அப்டேட்களை இறுவட்டிலேயே சேர்த்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். சேர்ப்பது நல்ல காரியம். அதற்கு மைக்ரோசொப்டே கருவி தருகிறது.

கழற்றுவது வேறு கதை. விளையாட்டுகளை நீக்கினால் நட்டமில்லை. ஆனால் டைனி11 கோர் என்பதில் அப்டேட்டும் இயங்காது, வைரஸைத் தடுக்கும் டிஃபெண்டரும் இயங்காது. அன்றாடப் பாவனைக்கு அது உகந்ததல்ல என்று செய்தவரே சொல்கிறார். பூட்டைக் கழற்றிவிட்டு, கதவு இலேசாகத் திறக்கிறது என்று சந்தோஷப்படலாமா? கடன் கொப்பியிலுள்ள வாடிக்கையாளர் விபரம் நம்மிடமுள்ள அமானிதமல்லவா?

லைட் என்றாலும் லைசன்ஸ் வேண்டும். ஹலால் பேணுவோர் இதையும் கவனிக்கட்டும். மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து இறக்கிய பிரதியை உங்கள் கண்முன்னே போடச் சொல்லுங்கள். நீக்கியவற்றைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.