ஒத்திசைவு காப்புப்பிரதி ஆகாது

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவுகள், ராகலை அமைந்துள்ள நுவரெலியா மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. இத்தகைய அனர்த்தங்களுக்குப் பிறகு, ஆவணங்களை ஸ்கான் செய்து கூகுள் ட்ரைவ் போன்ற இணையச் சேமிப்பில் போட்டுவிட்டால் போதும் என்றே பலரும் ஆலோசனை கூறுகின்றனர். அது பாதித் தீர்வு மட்டுமே.

மலையக மக்களுக்கு ஆவணத்தின் பெறுமதி தெரியும். 1948இல் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டபின், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்கு விண்ணப்பித்தவர்கள் தாம் தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. எழுத்துச் சான்று இல்லாத தோட்டத் தொழிலாளருக்கு அது பெருந்தடையானது. வன்னியில் இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளைத் தொலைத்தவர்களுக்கும் இந்த வலி புதிதல்ல.

கணினியிலுள்ள கோப்புறையை இணையச் சேமிப்புடன் இருவழியாக ஒத்திசைத்தால், ஓரிடத்தில் செய்யும் மாற்றம் மற்ற இடத்திலும் நிகழும். சேர்ப்பதும் அப்படித்தான், அழிப்பதும் அப்படித்தான். கணினியில் இடமில்லையென்று பிள்ளை ஒரு கோப்புறையை அழித்தால், இணையத்திலும் அது மறையும். கூகுள் ட்ரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். அதன்பின் நிரந்தரமாக நீங்கிவிடும். கப்பம் கோரும் வைரஸ் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புகளே மேலேறும்.

அரசாங்கமே இதில் அடிபட்டது. 2023 ஆகஸ்ட் 26 அன்று லங்கா அரசாங்க மேகக் கணினிக் கட்டமைப்பு இவ்வாறான வைரஸால் தாக்கப்பட்டது. இணைப்பிலிருந்த காப்புப்பிரதிகளும் பூட்டப்பட்டன. தனியாக வைத்த பிரதி இல்லாததால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன.

ஆகவே, ஒத்திசைவு வேலை வசதிக்கு. பாதுகாப்புக்கு வேறொரு பிரதி வேண்டும். முக்கிய ஆவணங்களை ஒரு பென் டிரைவில் பிரதியெடுத்து, கணினியிலிருந்து கழற்றி, வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம். சில மாதங்களுக்கொரு முறை அதைத் திறந்து பார்க்கவேண்டும். கோப்புறையிலிருந்து எதையும் அழிக்கும் முன், அது ஒத்திசைவில் உள்ளதா எனப் பார்க்கவேண்டும். கணக்கின் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பது பல வேளைகளில் ஒரு புகைப்படமும் முறைப்பாட்டுக் கடிதங்களும்தான். அவற்றை ஒரே கணக்கை நம்பி விட்டுவிடக்கூடாது.