பளிங்கு மேசையும் கோணிச்சாக்கும்

வெள்ளையடித்து மாதம் ஒன்றுகூட ஆகாத சுவரில் பிள்ளை கரித்துண்டால் கோடிழுத்துவிட்டு நிற்கும்போது நமக்குச் சினம் வருகிறது. சுண்ணாம்பும் கூலியும் விற்கும் விலையில் வராமல் என்ன செய்யும்? ஆயினும், கையை ஓங்குமுன் ஓவியர் ஒருவரின் இளமையைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

சுவிட்சர்லாந்தில், பெர்ன் நகரை அடுத்த சிற்றூரொன்றில் 1879-ஆம் ஆண்டு பிறந்தவர் பால் கிளே. அவருடைய மாமா ஓர் உணவு விடுதி நடத்திவந்தார். நாட்டிலேயே மிகப் பருமனான மனிதர் அவர் என்று மருமகனே தம் நாட்குறிப்பில் குறும்பாக எழுதிவைத்திருக்கிறார். அவ்விடுதி மேசைகளின் மேற்பலகை மெருகேற்றிய பளிங்கு. கல்லினுள் ஓடிய கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்பது வயதுச் சிறுவன் அப்பின்னலில் விந்தையான மனித உருவங்களைக் கண்டான். பென்சிலால் அவற்றைப் பிடித்துக்கொண்டான். வெற்றுத் தாளில் தன் கருத்தை வரைவது ஒரு வகை. பொருள் முதலில் பேச, அதைக் கேட்டுக் கை பின்தொடர்வது வேறொரு வகை. இந்த இரண்டாம் பழக்கம் கிளேயை இறுதிவரை விட்டு நீங்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

சிறுவனுக்கு முதலில் வண்ணக்கோல்களைத் தந்தவர் பாட்டி. தான் வரைந்த பேய்களே சன்னல் வழியாக எட்டிப் பார்க்கின்றன என்று அஞ்சி அவன் தாயிடம் ஓடியதும் உண்டு. அப்பருவத்துக் கிறுக்கல்களை வீட்டார் அடுப்பிலிட்டு விடவில்லை. இத்தாலியில் ஓவியம் பயின்று திரும்பிய கிளே, 1902-இல் பெற்றோர் இல்லத்தில் அவற்றை மீண்டும் கண்டெடுத்தார். தாம் அதுவரை வரைந்தவற்றுள் இவையே சிறந்தவை என்று தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு எழுதினார். 1911-இல் தம் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது, அச்சிறுபிள்ளைப் படங்கள் பதினெட்டையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

மணமான பின் மியூனிக் நகரில் மனைவி பியானோ கற்பித்துப் பொருளீட்டினார். கணவர் சமைத்தார், மகன் ஃபெலிக்சை வளர்த்தார், சமையலறையிலேயே ஓவியமும் தீட்டினார். (நம் ஆண்மக்கள் இவ்வரியை இருமுறை படிக்கலாம்!) கண்ணாடித் தகட்டில் கரிய மையைப் பூசி ஊசியால் கீறிப் பார்த்தார். மகனின் ஒன்பதாம் பிறந்தநாளுக்குக் கைப்பொம்மைகள் செய்து கொடுத்தார். தொடர்ந்து செய்தவை ஏறத்தாழ ஐம்பது. சாந்து, மாட்டெலும்பு, தீப்பெட்டி, மின்விளக்குப் பொருத்தும் குமிழ் எனக் கைக்கு அகப்பட்டதெல்லாம் தலையாயிற்று. அதன்மேல் வண்ணம் ஏறியது. அவற்றுள் முப்பது இன்றும் உள்ளன.

முதல் உலகப் போரில் 1916-இல் படைக்கு அழைக்கப்பட்ட அவர், வானூர்தித் தளத்தில் பணிபுரிந்தபோது ஊர்தி இறக்கைகளுக்குரிய துணித் துண்டுகளையும் விடவில்லை; அவற்றில் ஓவியம் எழுதினார். பின்னர் மெல்லிய வலைத்துணியில் சாந்து பூசினார். கோணிச்சாக்கின்மீது செய்தித்தாளை ஒட்டினார். வழவழப்பான தாளில் கோடு வழுக்கிச் செல்லும். சாக்கிலோ இழைக்கு இழை தடுக்கும், திக்கும், திரும்பும். அந்தத் தடுமாற்றமே அவருக்கு வேண்டியிருந்தது.

1933-இல் நாத்சி ஆட்சியால் ஜெர்மனியில் ஆசிரியப் பணியை இழந்து பெர்ன் திரும்பினார். 1935-இல் நோய் கண்டது. தோல் இறுகியது, திட உணவை விழுங்க இயலவில்லை, உயிருக்குயிரான வயலினையும் கீழே வைத்தார். 1936-இல் ஏறக்குறைய இருபத்தைந்து படைப்புகளே முடிந்தன. 1939-இலோ ஓராண்டில் 1,200-க்கு மேல். மறு ஆண்டு சூன் மாதம் இறந்தார்.

அவர் 1938-இல் வரைந்த ‘இன்சுலா துல்கமாரா’ என்னும் ஓவியம் சாக்கில் ஒட்டிய செய்தித்தாளின்மேல் அமைந்தது. உற்று நோக்கினால் சில இடங்களில் அச்செழுத்துகள் வண்ணத்தினூடே தெரிகின்றன. தடித்த கருங்கோடுகள் வளைந்தோடுகின்றன. அவற்றின் நடுவே வெளிறிய முகம் ஒன்று நம்மைப் பார்க்கிறது.