ஓவியத்திற் கைகள்

ஓவியம் பயிலும் மாணாக்கர் முகத்திற்கு ஒரு வாரம் உழைப்பர். கைக்கு ஒரு நாழிகையும் தாரார். அவர்தம் படங்களை நோக்குக. ஒருவன் கைகளைச் சட்டைப்பையில் இட்டிருப்பான். ஒருத்தி முதுகின்பின் மறைத்திருப்பாள். முதியவர் கைகள் மேல்துண்டினுள் அடங்கியிருக்கும். இதனை அடக்கமென்று கொள்ளற்க, அச்சமே காரணம். அவ்வச்சம் ஒழியத் தொழில் செய்யும் கையைக் கண்ணெதிரே கண்டு எழுதுதல் வேண்டும் என்பது எமது துணிபு.

யாமும் அக்குற்றத்திற்கு உட்பட்டவரே. வெண்ணெய்க்குப் பேர்பெற்ற ஊத்துக்குளி எமது ஊர். விடுமுறை ஒன்றில் எம் அம்மிச்சி தயிர் கடைவதைப் படமாக எழுதினோம். முகம் நன்கு அமைந்தது. கைகளையோ தாழியின் பின்னே மறைத்துவிட்டோம். படத்தை வாங்கிப் பார்த்த அம்மிச்சி, "மூஞ்சி எம்பட மூஞ்சிதான். கையெங்கே கண்ணு? கையில்லாம எப்படிக் கடையறது?" என்றார். விடை கூற எமக்கு நா எழவில்லை.

கை எழுதற்கு அரிதாதல் ஏன்? மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 ஆக, ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரலை மடக்கும் பெருந்தசைகள் விரலில் இல்லை. அவை முன்கையில் இருந்துகொண்டு, நீண்ட நாண்களால் விரல்களை இழுக்கின்றன. ஆதலின் பிடி இறுகுங்கால் முன்கையும் வடிவு மாறும். புறங்கைப் பக்கம் நீண்டு தோன்றும் விரல் உள்ளங்கைப் பக்கம் குறுகித் தோன்றும். எல்லாவற்றினும் அரியது, விரல் நம்மை நோக்கி நீளும் நிலை. விரல் நீளமானதென்று மனம் அறியும். கண்ணோ ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு மூன்று வளையங்களையே காணும். மாணவன் கண்டதை விடுத்து அறிந்ததை எழுதுகின்றான், கை வாழைச்சீப்பாகிவிடுகின்றது.

"செப்புத் திருமேனிகளையும் அச்சிட்ட படங்களையும் பார்த்து எழுதினாற் போதாதோ?" என்பார் உளர். அவை அளவும் அழகும் கற்பிக்கும் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் நம் முன்னோர் கைகளை வகுத்த முறையை நினைவிற் கொள்க. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடற்கைகளைக் கூறுமிடத்து, அழகு தோன்றக் காட்டும் எழிற்கையையும், தொழில் தோன்றக் காட்டும் தொழிற்கையையும் வேறுவேறாக வைக்கின்றது. எழிற்கை மட்டும் பயின்றவன் பாதியே பயின்றவன். தொழிற்கையில்தான் கனம் உண்டு. கனத்தை ஏட்டுப் படத்திற் கற்றல் அரிது.

சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய ஓவியப்பள்ளிக்கு 1929 முதல் 1957 வரை தலைவராயிருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் சமைத்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரீனாக் கடற்கரையில் நிற்கின்றது. பாறையைப் பெயர்க்க முயலும் அந்நால்வருடைய முகங்களைப் பாராது, கைகளை மட்டுமே பார்த்தாலும் பாறையின் கனம் விளங்கும். ஜெர்மனி நாட்டு டியூரர் 1508இல் நீலத்தாளில் எழுதிய கூப்பிய கைகளையும் ஈண்டுக் கூறலாம். அதில் முகமே இல்லை. தொழுவாரின் உள்ளமோ தெளிவாகத் தோன்றுகின்றது.

எனவே மாணவ நண்பர்கட்கு யாம் கூறுவது இது. முதலில் உமது இடக்கையையே மேசைமேல் வைத்து எழுதுக. உள்ளங்கையை ஒரு பலகையாகவும், கட்டைவிரலின் அடியை ஓர் ஆப்பாகவும், விரற்கணுக்களைச் சிறு உருளைகளாகவும் அமைத்துக்கொள்க. நகத்தையும் ரேகையையும் இறுதிக்கு ஒதுக்குக. விரல்களுக்கு இடையே தோன்றும் வெளியின் வடிவத்தையும் அளந்து பார்க்க. பின்னர் வெளியே செல்க. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிற் பிசிறு வெட்டுவாரின் கத்தரி பிடித்த விரல்களும், தையற்பொறியின் ஊசிக்கருகே துணியைச் செலுத்தும் விரல்களும் நம் பக்கத்திலேயே உள்ளன. இசைவு பெற்று அமர்ந்து எழுதுக; எழுதியதை அவரிடமே காட்டுக. அவரினும் சிறந்த ஆசிரியர் கிடைப்பது அரிது.

இதனை யாம் அறிந்தே கூறுகின்றோம். அடுத்த விடுமுறையில், மத்துக்கயிற்றைப் பற்றி ஒரு கை நம்மை நோக்கி வர, மற்றொரு கை பின்வாங்கும் நிலையைப் பதினெட்டு முறை எழுதினோம். பதினெட்டாவதைப் பெருமையோடு அம்மிச்சியிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, எம் பென்சிலைத் தொட்டு, "பெருவிரலை இப்படி வெச்சாக் கயிறு நழுவிரும் கண்ணு" என்றார். மத்துக்கயிற்றை யாமே பற்றிப் பார்த்தோம். நழுவிற்று. பத்தொன்பதாவது படத்தில் பெருவிரலைத் திருத்தினோம். அப்படம் இன்றும் அவர் வீட்டு அடுக்களைச் சுவரில் உள்ளது. சோறிட்ட கைகளை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் எழுதும் ஓவியம், எத்துணை அழகிதாயினும், நன்றி மறந்த ஓவியமேயாம்.