புகையால் ஒழியாது கொசு

வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அரசு மருத்துவமனைகளின் காய்ச்சல் வார்டுகளில் கொசுவலை கட்டிய கட்டில்கள் நிரம்புகின்றன. உடனே நம் உள்ளாட்சி அமைப்புகள் கையில் எடுப்பது புகை இயந்திரத்தைத்தான். வண்டி தெருவுக்குள் நுழைகிறது, வெண்புகை கிளம்புகிறது, பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதனால் பெரிய சேதம் இல்லை என்பது சுகாதாரத் துறையினருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் இதையே முதல் வேலையாகச் செய்வதை இனியாவது நிறுத்த வேண்டும்.

புகை, தன் மேல் படும் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். ஏடிஸ் கொசு தெருவில் திரிவதில்லை. கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிகளுக்கு நடுவில், அலமாரிக்குப் பின்னால் என்று வீட்டுக்குள்தான் ஒதுங்கியிருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாமோ கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். தண்ணீரில் நெளியும் புழுக்களைப் புகை தொடுவதே இல்லை. அவை சில நாள்களில் இறக்கை முளைத்து வெளியே வந்துவிடும். காய்ச்சல் கண்ட வீட்டையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் உடனடியாகக் காக்கப் புகை தேவைப்படலாம். உலக சுகாதார நிறுவனமும் அதை நெருக்கடி கால நடவடிக்கையாகவே பார்க்கிறது.

புகை அடிக்கச் சொல்லி மக்களே கவுன்சிலர்களை நெருக்குகிறார்கள் என்பதும் உண்மை. கூவம் கரையிலும் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலும் குடியிருப்பவர்கள் பொழுது சாய்ந்தால் படும் பாட்டை யாரும் மறுக்க முடியாது. ஆனால், அங்கே இரவெல்லாம் கடிப்பது சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு. யானைக்கால் நோயைப் பரப்பும் இனம் அது. அதற்குக் கழிவுநீர் தேங்காமல் ஓட வழி செய்ய வேண்டும். டெங்கு கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் வளர்வது. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைப்பதில்தான் பணமும் காலமும் வீணாகின்றன.

ஏடிஸ் கொசு முட்டையிடும் இடத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான உட்சுவரில், கரித்தூள் ஒட்டியது போல முட்டைகள் இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் அவை சாவதில்லை. காய்ந்த நிலையிலேயே பல மாதங்கள் தாக்குப்பிடித்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். எனவே, தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது. பிளீச்சிங் பவுடர் போட்டு, நார் கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அப்படியென்றால் ஒவ்வொரு வீட்டையும் வாரம் ஒருமுறை பார்த்தாக வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பது பார்க்காததற்குச் சமம்.

இந்த வேலையைச் செய்பவர்கள் யார்? கையில் டார்ச் லைட்டும் தோளில் கொசுப்புழுக்களைக் கொல்லும் அபேட் மருந்துமாக வீடு வீடாக ஏறி இறங்கும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள். சிமென்ட் தொட்டியின் அடிவரை வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்பார்கள். ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டை இழுத்துக் கவிழ்ப்பார்கள். கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழியையும் மாடியில் கிடக்கும் பழைய டயரையும் விடமாட்டார்கள். ஒருவர் நாளொன்றுக்கு ஐம்பது வீடுகளை ஒழுங்காகப் பார்த்தால் ஆறு நாளில் முந்நூறு வீடுகள். இந்தக் கணக்கில் ஆள் குறைந்தால் வாரச் சுற்று அறுந்துபோகும். இவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். காய்ச்சல் கூடினால் ஆள் சேர்ப்பதும், குறைந்தால் நிறுத்துவதும் வாடிக்கையாகிவிட்டது. எந்தத் தெருவில் எந்த வீட்டுத் தொட்டியில் வழக்கமாகப் புழு இருக்கும் என்று தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த மழைக்குப் புதியவரைத் தேடுகிறோம். இது அவர்களுக்கு இழைக்கும் அநீதி, நமக்கும் ஆபத்து.

நோய் குறைந்ததும் கையைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1963-ல் இலங்கையில் மலேரியா கண்டவர்கள் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று மருந்துத் தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-ல் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இந்தியாவிலும் 1960-களில் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கிய மலேரியா 1976-ல் 64 லட்சமாக எகிறியது. இலங்கை பாடம் கற்றது. காய்ச்சல்காரர்களைத் தேடிப் போய் ரத்தப் பரிசோதனை செய்வதைப் போர்க்காலத்திலும் விடாமல் செய்தது. 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் பெற்றது. தமிழ்நாட்டில் 2012-ல் டெங்குவுக்கு 66 பேரையும், 2017-ல் 65 பேரையும் பறிகொடுத்தோம். ஒவ்வொரு முறையும் காய்ச்சல் தணிந்ததும் பணியின் வேகமும் தணிந்தது.

வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் என்ற எச்சரிக்கையும் ஆண்டுதோறும் வருகிறது. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசுக் கட்டுப்பாட்டுக்கென்று தனி அத்தியாயம் உண்டு, அதிகாரத்துக்குக் குறைவில்லை. ஆனால், நாலைந்து நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில், குடும்பங்கள் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்காமல் என்ன செய்யும்? அவர்களிடம் அபராதம் கேட்க அரசுக்கு என்ன உரிமை இருக்கிறது? நாள்தோறும் தண்ணீர் கொடுப்பதுதான் அங்கே கொசு ஒழிப்பு. அதுவரை இறுக்கமாக மூடும் மூடியையாவது கொடுங்கள். அபராதம் விதிக்க வேண்டிய இடங்கள் வேறு: கட்டுமானப் பணியிடத்துப் பள்ளங்கள், பூட்டிக் கிடக்கும் மனைகள், பழைய டயர்க் கிடங்குகள். காவல் நிலைய வளாகங்களில் மழையில் நனைந்து கிடக்கும் பறிமுதல் வாகனங்களையும் அரசு அலுவலக மொட்டை மாடிகளையும் முதலில் சுத்தம் செய்துவிட்டுத்தான் அதிகாரிகள் குடிசைப் பகுதிக்குள் நுழைய வேண்டும்.

டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய கொசுக்களைப் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் உருவாக்கியிருக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இதே முறையைச் சோதித்தபோது டெங்கு 77 சதவீதம் குறைந்தது. வரட்டும், வரவேற்போம். அதற்காக இன்று தொட்டியைத் தேய்க்கும் கையை விட்டுவிட முடியாது.

கொசு ஒழிப்புப் பணியாளர்களை ஆண்டு முழுவதும் பணியில் வைத்து, காலமுறை ஊதியத்தில் அரசு நிரந்தரமாக்க வேண்டும். வாரச் சுற்றுக்குத் தேவையான ஆள்பலத்தை வீடுகளின் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்க வேண்டும். நூறு வீடுகளில் எத்தனை வீட்டில் கொசுப்புழு இருந்தது என்ற கணக்கை ஒவ்வொரு மாநகராட்சியும் நகராட்சியும் வார்டு வாரியாக வாரந்தோறும் வெளியிட வேண்டும். மழை வரும்வரை காத்திருக்காமல் கோடையிலேயே அந்தப் பட்டியல் வெளிவரத் தொடங்கட்டும்.