பெரியம்மாவுக்கு நாலு நாள் லீவு

செமஸ்டர் லீவில் நாலு நாள் பெரியம்மா வீட்டில் இருந்தேன். விருந்துக்குப் போகவில்லை, வேலைக்குப் போனேன். பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். டாக்டர் செய்யச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தள்ளிப் போட்டதற்குப் பயமும் காரணமில்லை, பணமும் காரணமில்லை. அண்ணனை யார் பார்த்துக்கொள்வது? அதுதான் விஷயம்.

அண்ணனுக்கு 31 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. தெருவில் எட்டு வயசுப் பையன்கூட அவரை "அவன்" என்றுதான் சொல்கிறான். எனக்கு அவர் அண்ணன்தான். சாப்பாட்டைப் பிசைந்து வைத்தால் தானே சாப்பிடுவார். குளிப்பாட்ட வேண்டும், உடை மாற்ற வேண்டும். மோட்டார் சத்தம் கேட்டால் போய் சுவிட்சை அணைத்துவிடுவார், அதில் ஒரு சந்தோஷம். பதினெட்டு வயது வரை சிறப்புப் பள்ளிக்குப் போனார். அதற்குப் பிறகு வீடுதான். பெரியப்பா இப்போது இல்லை. ஆக, வீட்டில் இரண்டே பேர்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் சொன்னார்: குனியாதீங்க, கனமா எதையும் தூக்காதீங்க, கண்ணில் தண்ணி படக்கூடாது. அண்ணனைக் குளிப்பாட்டும்போது இந்த மூன்றையும் செய்யாமல் முடியாது. எண்பது கிலோ மனிதர் வழுக்கிவிடாமல் பிடித்துக்கொண்டு குளிப்பாட்டிப் பாருங்கள், தெரியும். முதல் நாள் எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டாம் நாள் அண்ணன் என்னைப் பாத்ரூமுக்குள் விடவே இல்லை. மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன், தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் "ஒண்ணு ரெண்டு மூணு" சொல்ல வேண்டுமாம். இதை எந்தப் புத்தகமும் சொல்லாது. பெரியம்மாவுக்குத் தெரியும், ஆனால் அது தனக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியவில்லை :)

இந்த மாதிரிக் குடும்பங்களைப் பற்றிப் பேசினால் எல்லோரும் ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள். "உங்களுக்குப் பிறகு யார்?" முக்கியமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இன்றைக்கு மத்தியானம் யார்? பெரியம்மா செத்த பிறகு நடப்பதற்குச் சட்டத்தில் ஓரளவு வழி இருக்கிறது. அவர் உயிரோடு இருந்து, பல் வலி என்று டாக்டரிடம் போக வேண்டியிருந்தால் வழி இல்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்கு பிரிவினருக்கானது. பதினெட்டு வயதுக்குப் பிறகும் சட்டப்படி பாதுகாவலராக இருக்க, கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 'நிராமயா' என்று ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு இருக்கிறது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 1500-இலிருந்து 2000 ரூபாய் ஆனது. இதெல்லாம் அண்ணனுக்கு. அண்ணனைப் பார்த்துக்கொள்பவருக்கு? 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிகத் துணை தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்று பேசுகிறது. அதுவும் பணம்தான். அறக்கட்டளையின் 'சமர்த்' திட்டத்தில் சில நாட்கள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் ஏதாவது தொண்டு நிறுவனம் பொறுப்பெடுத்து நடத்தினால்தான் அது உண்டு. பெரியம்மா ஊரில் அப்படி எதுவும் இல்லை.

பணத்தைக் கூட்டினால் போதாதா என்று என் ரூம்மேட் கேட்டான். கூட்டட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பணம் இருந்தும் பெரியம்மாவுக்கு ஆள் கிடைக்கவில்லை. வந்த ஒரு அம்மாவும் அண்ணன் சத்தம் போட்டதைப் பார்த்துவிட்டு மறுநாள் வரவில்லை. பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது நேரம். அதைத் தருவதற்கு, அண்ணனைப் பழகின ஒரு ஆள் வேண்டும்.

சொந்தக்காரர்களைக் கேட்டால் "ஏதாவது ஹோம்ல சேத்துடலாமே" என்பார்கள். ஒன்று முழுசாகச் சுமக்க வேண்டும், இல்லையென்றால் முழுசாகக் கைவிட வேண்டும், நடுவில் எதுவும் கிடையாதா? பக்கத்தில் கேரளாவில் 'பட்ஸ்' மையங்களைப் பாருங்கள். உள்ளாட்சி அமைப்புகளே நடத்துகின்றன, குடும்பஸ்ரீ துணை நிற்கிறது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் தனியாகப் பகல் மையங்கள் உண்டு. காலையில் விட்டுவிட்டு சாயங்காலம் கூட்டிக்கொண்டு வரலாம். பிள்ளை வீட்டோடுதான் இருக்கிறான், அம்மாவுக்கும் ஒரு பகல் கிடைக்கிறது.

நம் ஊரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. பெரியம்மா வீட்டுக்கும் ஒரு அக்கா வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் வரும்போதெல்லாம் அண்ணன் கதவுக்குப் பின்னால்தான் நிற்பார். இவரைப் போல இன்னும் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்து, வாரத்தில் இரண்டு தடவை, தடவைக்கு மூன்று மணி நேரம் அனுப்ப முடியாதா? முதல் இரண்டு மாதம் பெரியம்மாவும் கூடவே இருக்கட்டும். முன்பின் தெரியாத ஆளிடம் பேசத் தெரியாத பிள்ளையை எந்தத் தாயும் விட மாட்டாள். அந்தப் பயம் நியாயமானது. அடித்தால்கூட அண்ணனுக்குச் சொல்லத் தெரியாது. அதனால்தான் புது ஆளாக இல்லாமல், தெருவுக்கே தெரிந்த ஆளாக இருக்க வேண்டும் என்கிறேன். மாத்திரை கொடுக்க வீடு தேடி வர முடிகிற அரசாங்கத்துக்கு இது முடியாத காரியமாக எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் பெரியம்மா தூங்கினார். கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் மூன்று மணி நேரம். எழுந்து மணியைப் பார்த்துவிட்டுப் பதறி, "அவன் சாப்பிட்டானா?" என்றார். சாப்பிட்டாச்சு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பஸ் ஏறும்போது, "அடுத்த லீவு எப்போடா?" என்று கேட்டார். டிசம்பர் என்றேன். இன்னொரு கண் பாக்கி இருக்கிறது.