ஸ்கேன் அறிக்கையும் கால் பெருவிரலும்



யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். இடுப்பு வலி காலுக்கு இறங்கியதும் கடன் வாங்கி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அறிக்கையின் பிரதியும் கடிதத்தோடு வந்திருக்கிறது. கடைசியில் ஒரு வரி: “இவரு இனி குனிஞ்சு நிமிந்து வேலை செய்வாராங்க?”

அவருக்குத் தனியே பதில் போடாமல் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். ஏனென்றால் இதே கேள்வி வெவ்வேறு கையெழுத்துகளில் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது. நான் வைத்தியர் அல்ல, கடிதத்தைப் பார்த்து நோயைச் சொல்லிவிடவும் முடியாது. ஆனால் அந்த அறிக்கையை எந்த மனநிலையில் கையில் எடுப்பது என்பதைப் பற்றிப் பேசலாம்.

இடுப்புப் பகுதியில் முள்ளந்தண்டு எலும்புகள் ஐந்து. எல்1 முதல் எல்5 வரை எண்ணியிருப்பது அவற்றைத்தான். அதன் கீழுள்ள முக்கோண எலும்பின் மேற்பகுதி எஸ்1. எலும்புகளுக்கு நடுவே இருப்பது டிஸ்க். வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே நீர்ச்சத்து மிகுந்த கொழகொழப்பான மையம். ‘டெசிகேஷன்’ என்று எழுதியிருந்தால் அந்த நீர் வற்றியிருக்கிறது, படத்தில் டிஸ்க் கறுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். ‘பல்ஜ்’ என்றால் விளிம்பு பரவலாகப் பிதுங்கியிருக்கிறது. ‘புரொட்ரூஷன்’ என்றால் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது. ‘எக்ஸ்ட்ரூஷன்’ என்றால் உள்ளே இருந்தது வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

படிக்கும்போதே இடுப்பு வலிக்கிறதல்லவா? இப்போது இதையும் கேளுங்கள். முதுகு வலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 1994இல் வெளியான அந்த ஆய்வில் 52 சதவீதமானவர்களுக்கு ஓரிடத்திலாவது பல்ஜ் இருந்தது, 27 சதவீதமானவர்களுக்குப் புரொட்ரூஷன் இருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. 2015இல் இப்படிப்பட்ட 33 ஆய்வுகளை, வலியில்லாத 3,110 பேரின் படங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதிலேயே 37 சதவீதமானவர்களுக்கு டிஸ்க் தேய்ந்திருந்தது. ஐம்பது வயதில் 80 சதவீதம். இவர்கள் யாரும் வலி என்று வைத்தியரிடம் போனவர்கள் அல்லர்.

ஆகவே “டிஸ்க் விலகியிருக்கு” என்று சொன்ன மறுநொடியே ஆளைப் படுக்கையில் கிடத்திவிடாதீர்கள். நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது அதுதான்.

எக்ஸ்ட்ரூஷன் மட்டும் கொஞ்சம் வேறு கதை. 1994இன் அந்த ஆய்வில் வலியில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கே அது இருந்தது. அதனால் அதைக் கண்டால் வைத்தியர்கள் கூடுதல் கவனம் எடுப்பார்கள். இருந்தாலும் அதிலும் ஓர் ஆச்சரியம் உண்டு. அதிகம் வெளியே வந்த டிஸ்க்தான் அதிகம் சுருங்குகிறது. வெளியே கிடப்பதை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துக் கரைத்துவிடுகிறது. 2015இன் இன்னோர் ஆய்வுத் தொகுப்பில், முற்றாகத் துண்டாகிப் பிரிந்தவற்றில் 96 சதவீதமும் எக்ஸ்ட்ரூஷனில் 70 சதவீதமும் தானாகவே குறைந்திருந்தன. வெறும் பல்ஜ் குறைந்தது 13 சதவீதம்தான். அறிக்கையில் பயங்கரமாகத் தெரிவதுதான் மோசமானது என்று எண்ணிவிட முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? காலைப் பாருங்கள். படமும் காலும் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்பதுதான் முக்கியமான கேள்வி. எல்4-எல்5 டிஸ்க் பக்கவாட்டில் தள்ளினால் பெரும்பாலும் அழுத்தப்படுவது எல்5 நரம்பு. அப்போது வலியும் மரப்பும் முன்னங்காலின் வெளிப்புறமாக இறங்கி, புறங்கால் வழியாகப் பெருவிரலுக்குப் போகும். பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறையும், குதிகாலில் நடப்பது சிரமமாகும். எல்5-எஸ்1 டிஸ்க் என்றால் எஸ்1 நரம்பு. வலி கெண்டைக்காலின் பின்பக்கமாகச் சின்னவிரல் பக்கம் போகும், முன்பாதத்தில் எம்பி நிற்க முடியாது. வைத்தியர் காலை நீட்டியபடி தூக்கிப் பார்ப்பதும், விரலைத் தள்ளச் சொல்வதும், முழங்காலில் தட்டுவதும் இதற்காகத்தான். அறிக்கை இடது பக்கம் என்கிறது, வலியோ வலது காலில் என்றால், அந்தப் படம் அந்த வலியின் காரணத்தைச் சொல்லவில்லை. கரவனெல்லை ஆதார வைத்தியசாலைக்குப் போனாலும் கேகாலைக்குப் போனாலும் கிளினிக்கில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எந்தக் கால், எதுவரை, எப்போது கூடுகிறது என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்கு ‘ஸ்டெனோசிஸ்’ என்று எழுதியிருக்கலாம்: நரம்புகள் போகும் வழி ஒடுங்கியிருக்கிறது. கொஞ்சத் தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனக்கும், உட்கார்ந்து முன்னால் குனிந்தால் ஆறும். மேடு ஏறும்போது உடம்பு முன்னால் சாய்வதால் ஏற்றம் இவர்களுக்கு இலகு, இறக்கம்தான் கஷ்டம். ஏற்றத்தில் கால் கூடுதலாக வலித்து, குனியாமல் சும்மா நின்றாலே ஆறுகிறது என்றால், காலுக்குப் போகும் இரத்தக் குழாயையும் சோதிக்கச் சொல்லலாம். மலையில் வாழ்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும்.

இனிச் சொல்வதை வீட்டில் எல்லாரும் தெரிந்து வையுங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், மலம் தன்னையறியாமல் போனால், சைக்கிள் சீட்டில் படும் இடமும் பிறப்புறுப்புப் பகுதியும் மரத்துப்போனால், இரண்டு காலும் பலமிழந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முண்ணாண் முடியும் இடத்துக்குக் கீழே உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். தாமதித்தால் போன பலம் திரும்பாமலே போகலாம். இரவென்றாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் கிடையாது. ஆண் டொக்டரிடம் அந்த இடம் மரத்துப்போனதை எப்படிச் சொல்வது என்று நம் பெண்கள் தயங்குவார்கள். தயங்காதீர்கள் அக்கா, அவர்கள் தினமும் கேட்கிற கேள்விதான் அது. காய்ச்சல், காரணமில்லாமல் மெலிதல், படுத்தாலும் அடங்காத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, சரிவில் விழுந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சீக்கிரம் காட்ட வேண்டும். காசநோய் முள்ளந்தண்டிலும் வரும்.

மேலே சொன்ன எண்களை யாராவது திருப்பிப் பிடித்து, “வலியில்லாதவனுக்கும் டிஸ்க் தேயுது, வேலைக்கும் உன் இடுப்புக்கும் சம்பந்தமில்லை” என்று சொல்லக்கூடும். அதற்கு நான் உடன்பட மாட்டேன். பால் வெட்டுகிறவர் வெட்டுப்பட்டை இறங்க இறங்க மரத்தின் அடிவரை குனிகிறார், பிறகு வாளியைச் சுமக்கிறார். கொழுந்தெடுப்பவர் மழையில் நனைந்து கனத்த கொழுந்தோடு சரிவில் இறங்குகிறார். படத்தில் இவை தெரியாது. பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்திக் கால் வலியைக் கொண்டுவரும் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் எடுத்துக்காட்டியது 1934இல். அதே வருடம்தான் இலங்கையில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் வேலையில் நேரும் விபத்தை மையமாக வைத்தது. பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்த இடுப்பை அதற்குள் கொண்டுவருவது இன்றும் லேசல்ல. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்கிற கணக்கிலும் இடுப்பு வலிக்கு இடமில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வலி குறையும். முடிந்த அளவு நடமாடச் சொல்லுங்கள், நாள் கணக்கில் படுக்க வைக்காதீர்கள். வைத்தியசாலையில் பிஸியோதெரபிக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். பெருவிரலைத் தூக்கும் பலம் குறைந்துகொண்டே போகிறதா என்று தினமும் பாருங்கள். குறைந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்க வேண்டாம்.

மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இடுப்பு வலிக்காக வைத்தியரின் கடிதத்தோடு தோட்ட நிர்வாகத்திடம் இலகுவான வேலை கேட்டவர்கள் இருந்தால், என்ன பதில் கிடைத்தது, அந்த நாட்களில் பேர் எப்படி விழுந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயரும் தோட்டமும் வெளிவராது.

அன்புடன்,
ஆசிரியர்