கொடுமணல் இடுகாடு

திருப்பூரிலிருந்து நொய்யலை ஒட்டிக் கிழக்கே சென்றால், சென்னிமலைக்கு மேற்கில், ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலன்களுக்குப் பேர்போனதாகக் கூறும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர் துணிபு. சென்ற வாரம் நண்பர் இருவருடன் அங்குள்ள பழைய இடுகாட்டைக் காணச் சென்றிருந்தோம். வழி கேட்டபொழுது ஆடு மேய்த்திருந்த பெரியவர், "அந்தக் கல்லுக் காட்டுக்குங்களா?" என்று நம்மை ஏற இறங்கப் பார்த்தார். எகிப்தின் பிரமிடுகளின் உயரத்தை அடிக்கணக்கில் ஒப்பிக்கும் நம் பட்டதாரிகளில் எத்தனை பேர் இவ்வழியை அறிவர்?

வட்டமாக அடுக்கிய பாறைகள். நடுவே கற்பலகைகளால் அமைத்த அறைகள். பலகையொன்றில் ஆள் தலை நுழையுமளவு துளை. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தாரும், சர்க்கார் தொல்லியல் இலாகாவினரும் இங்கு அகழ்ந்தனர். ஒரு சமாதியில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. மணிகள் பதித்த வெண்கலப் புலியொன்றும் கிடைத்தது. இவை ஏழைத் தொழிலாளியின் சமாதிகள் என்று சொல்ல நாம் துணியோம். ஆனால் அச்செல்வம் கைத்தொழிலில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. பக்கத்திலேயே அவர்கள் வாழ்ந்த ஊர்மேட்டில் இரும்புருக்கிய உலைகளும், மணி அறுத்த பட்டறைகளின் எச்சங்களும், நூல் நூற்ற தக்கிளி வில்லைகளும் அகப்பட்டன. பானையோடுகளில் கண்ணன் ஆதன் முதலிய பெயர்கள் தமிழெழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. வணிகர் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல்லும் உண்டு. திருப்பூர் நூலும் பின்னலாடையும் கொண்டு உலகச் சந்தைக்குப் போவதற்கு 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்நதிக்கரையார் அவ்வழியை அறிந்திருந்தனர்.

அந்த நதிக்கு நாம் செய்த கைம்மாறு யாவருமறிந்ததே. 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயக் கழிவு தேங்கிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே பலருக்குக் கண் திறந்தது. இடுகாட்டின் விஷயத்திலும் கோர்ட்டார் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா?

கற்கள் கிடக்கும் நிலத்தில் பெரும்பகுதி விவசாயிகளுடையது. உழுபவர் கல்லை அகற்றுவதைக் குற்றமென்று சொல்வது எளிது. அவருக்கு அது வயிற்றுப்பாடு. 1966-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டமே தொல்லிடங்களைக் காப்பிடமாக அறிவிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் நஷ்டஈடு தராமல் எல்லை போடுவது நியாயமன்று. அப்படிச் செய்தால் இரவோடிரவாகக் கற்கள் மறையும் என்பதை வக்கீல் தொழிலில் பட்டறிந்தவர் எவரும் சொல்வர். கீழடியில் 2023-ல் அழகான காட்சிக்கூடம் திறந்தார்கள், மகிழ்ச்சியே. கொடுமணல் அதற்கு எவ்வகையில் தாழ்ந்தது?

கோயில் கும்பாபிஷேகத்துக்கு லட்சங்களை வாரித் தரும் திருப்பூர்ப் பிரமுகர்கள், கல்வட்டங்கள் எஞ்சியுள்ள நிலங்களையேனும் நியாய விலைக்கு வாங்கிச் சர்க்காரிடம் ஒப்படைக்கலாம். கட்சி ஊழியர்கள் கிராமத்தாரையும் தாசில்தாரையும் ஓரிடத்தில் உட்காரவைத்துப் பேசலாம். அடுத்த மழை பெய்ததும் ஏர் பூட்டிவிடுவார்கள். அதற்குள் நிலத்தை அளந்து எல்லைக்கல் நடுவது நடக்கக்கூடிய காரியமே.